திறந்து வைத்தவள்

ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி போகிற வழியில், கம்பெனி பஸ்கள் நிற்கிற கூட்டு ரோட்டில் ஒரு கக்கூஸ் இருக்கிறது. அரசாங்கக் கக்கூஸ். பார்த்தால் யாரும் கக்கூஸ் என்று சொல்ல மாட்டார்கள். முகப்பில் இரண்டு தூண், தூணுக்கு மேலே வளைவு, வளைவில் 'கட்டணமில்லா நவீனப் பொதுக் கழிப்பிடம்' என்று தங்கக் கலரில் எழுத்து. வெளியூர்க்காரர் ஒருவர் எழுத்தைப் படிக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதை மைக் செட் முத்துக்குமார் கண்ணால் பார்த்திருக்கிறான்.

"தம்பி, நடை எப்ப தொறப்பாங்க?" என்று அவர் கேட்டார்.

"எங்களுக்கும் அதாங்க தெரியல" என்றான் முத்துக்குமார்.

முத்துக்குமாரின் சொத்து ஒரு ஆட்டோ, ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு வாய். யார் கூப்பிட்டாலும் அந்த வாய் போகும். காலையில் ஜெபக் கூட்டம், மத்தியானம் ஜவுளிக்கடை தள்ளுபடி, சாயங்காலம் கட்சி. எந்தக் கட்சி என்று அவன் கேட்டதே இல்லை. 'அலைகடலெனத் திரண்டு வாரீர்' என்பதை எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரிதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசாங்கக் கக்கூஸுக்கும் அவன் வாய்தான் போனது. அடிக்கல் நாட்டியபோது கத்தினான். திறப்பு விழாவுக்குக் கத்தினான். அப்புறம் புனரமைப்பு விழா என்று ஒன்று வந்தது, அதற்கும் கத்தினான். ஒரு மனிதர்கூட உள்ளே போகாமல் ஒரு கட்டடம் எப்படிப் பழசாகும் என்று அவனுக்கு விளங்கவில்லை. அரசாங்கத்தால் முடியும். அதை நினைத்து அவன் உண்மையிலேயே வாயைப் பிளந்தான். விழாவுக்கு விழா ஒரு பளிங்குக் கல் பதித்தார்கள். கல்லில் யார் யாரோ 'திறந்து வைத்தார்' என்று இருக்கும். உள்ளே கை காய வைக்கிற மிஷின் உண்டு, கரண்ட் கிடையாது. ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஞாபகமாகச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அந்தப் படியில் ஆடுகள்தான் படுத்துக் கிடக்கின்றன. ஆடுகளுக்கு மட்டும் அது கட்டணமில்லாமல் பயன்படுகிறது.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பூவம்மாள் கழிப்பறை.

தகரக் கூரை. ஊதாப் பெயின்ட் அடித்த கதவுகள். பொம்பளைகளுக்கு நாலு, ஆம்பளைகளுக்கு ஒன்று. "ஆம்பளைங்களுக்கு ஏங்க்கா ஒண்ணே ஒண்ணு?" என்று முத்துக்குமார் ஒருநாள் கேட்டான். "உங்களுக்குத்தான் ஊரே இருக்குதேடா" என்றாள் பூவம்மாள்.

பூவம்மாள் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவள். அப்பர் என்றால் ஷூவின் மேல் பாகம். கல்யாணத்துக்கு முன்னால் உட்கார்ந்த மிஷினில், புருஷன் செத்த பிறகும் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்குள் கிராமத்தை விட்டு வந்து, கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்று, கம்பெனிக்குப் போய், இருட்டின பிறகு திரும்புகிற பொம்பளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் போகணும். போக இடம் இல்லை. அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் அது. டிபன் பாக்ஸோடு பாட்டிலும் எடுத்து வருவார்கள், பாட்டில் நிறைந்தபடியே திரும்பிப் போகும்.

பூவம்மாளுக்கு அதனாலேயே கிட்னியில் கல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, "நிறையத் தண்ணி குடிங்கம்மா, அதான் மருந்து" என்றாள்.

"குடிச்சா எங்கம்மா போறது?" என்று கேட்டாள் பூவம்மாள்.

டாக்டரம்மாவுக்கு அதற்கு மருந்து தெரியவில்லை. பாவம், சிரித்துவிட்டுச் சீட்டு எழுதினாள். பூவம்மாள் திரும்பி வருகிற பஸ்ஸில் வழி முழுக்க அந்தக் கேள்வியையே யோசித்துக்கொண்டு வந்தாள். கம்பெனியை விட்டு நின்றாள். பி.எஃப். பணம் வந்தது. புருஷன் வைத்துவிட்டுப் போன ரோட்டோரத் துண்டு நிலத்தில் போர் போட்டு, தொட்டி கட்டி, கதவு மாட்டினாள்.

சொந்தக்காரர்கள் வந்து தலையில் அடித்துக்கொண்டார்கள். "கம்மல் வாங்கியிருக்கலாம், சீட்டுல போட்டிருக்கலாம். யாராவது கக்கூஸ் கட்டுவாங்களா? யாரு கழுவறது?"

"வூட்டுல யாரு கழுவறா? அதே கைதான்" என்றாள் பூவம்மாள்.

அப்படித்தான் 'கக்கூஸ் பூவம்மா' என்று பேர் வந்தது. பேர் வைத்ததில் முத்துக்குமாருக்கும் பங்கு உண்டு. அவளுக்குக் கோபமே வரவில்லை என்பதால் அவனுக்கு அந்தக் கிண்டலில் ருசி போய்விட்டது. அப்புறம் அவன் தினமும் அவள் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு டீ குடிக்க ஆரம்பித்தான். ஏன் என்று கேட்டால் நிழல் என்பான். அங்கே நிழலே கிடையாது.

அங்கே அவன் பார்த்தது இதுதான். ஒருநாள் அஃப்ஸர் ஜஹான், கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவள், புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே வெளியே வந்தாள். "இன்னா பூவம்மா, தண்ணி இவ்ளோ கம்மியா வருது! துட்டு மட்டும் கரெக்டா வாங்கறே! ஒரே பேஜாரா போச்சு!"

பூவம்மாள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மோட்டாரைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் வந்து உட்கார்ந்து, பரிசு வாங்கினவள் மாதிரி சிரித்தாள்.

"திட்டு வாங்கிட்டு இன்னாக்கா சிரிப்பு?"

"அவ துட்டு குடுத்தா, அதனால திட்டறா. நான் ஓடறேன். எதிர்ல பாரு, அந்த மாளிகைய யாராவது திட்டறாங்களா? யாரப் போய்த் திட்டறதுன்னே தெரியாது."

முத்துக்குமார் எதிரே பார்த்தான். ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. மேடை மேடையாக மைக் கட்டியவன் அவன். இவ்வளவு சின்ன வாக்கியத்தில் இவ்வளவு பெரிய விஷயத்தை எந்த மேடையிலும் கேட்டதில்லை. டீ ஆறிப்போனது.

தோழர் சுந்தரமூர்த்தி தொழிலாளர் சங்கத் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. மிஷினில் எவனுக்காவது விரல் போனால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் அவர் வாய்க்கும் வீட்டுக்கும் நடுவே பெரிய ரோடு ஒன்று ஓடுகிறது. 'அரசுப் பள்ளியைக் காப்போம்' என்று ஊர்வலம் போனார். அந்த ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தனியார் ஸ்கூல் வேன் நகர முடியாமல் நின்றது. ஜன்னலிலிருந்து அவர் மகள் ஸ்வேதா, "அப்பா!" என்று கை ஆட்டினாள். தோழர் கோஷத்துக்கு உயர்த்திய முஷ்டியை அப்படியே விரித்து டாட்டா காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். முத்துக்குமார் அன்றைக்கு மைக்கை அணைத்துவிட்டு ஆட்டோவுக்குள் குனிந்து சிரித்தான்.

அந்தத் தோழர் ஒருநாள் பூவம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"மனுசனோட அடிப்படைத் தேவைக்குக் காசு வாங்கறது சுரண்டல்மா."

"ஆசிட்டு, தொடப்பம், மோட்டருக்குக் கரண்ட்டு. அதெல்லாம் யாரு தருவாங்க தோழர்?"

"அரசாங்கம் தரணும். எதிர்ல இருக்கறது பத்தாது, இன்னும் பெருசா இன்னொண்ணு கட்டச் சொல்லிப் போராடப் போறோம்."

"அதுவே தொறக்கலியே."

"நிதி ஒதுக்கினா தொறப்பாங்க."

"யாரு நிதி?"

"அரசாங்கத்தோட பணம்மா."

 பூவம்மாள் நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள். "அவரு எந்தக் கம்பெனில வேலை செய்றாரு?"

முத்துக்குமாருக்கு டீ மூக்கு வழியாக வந்தது.

"இல்ல தோழர், வேலை செய்றது அஃப்ஸரு. நான். இந்தப் பய முத்து. தீப்பெட்டி வாங்கினாகூட வரி கட்டறோம். எங்க கிட்டயே எடுத்து, எங்களுக்கே கட்டி, எங்களயே வெளிய நிக்க வெச்சுப் பூட்டிட்டா, அதுக்குப் பேரு இலவசமா?"

தோழர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. மனு போட்டார். பூவம்மாள் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். முறையான அனுமதியின்றி வணிக நோக்கில் நடத்துகிறாளாம். பொதுமக்கள் ஆட்சேபணை இருக்கிறதா என்று அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம், இருந்தால் சீல் வைப்பாராம். அதிகாரி வருகிற அதே நாளில், அதே இடத்தில், தோழர் ஆர்ப்பாட்டம் வைத்தார். மைக் செட் யார்? முத்துக்குமார்தான். நோட்டீஸ் வருவதற்கு முன்னாலேயே அட்வான்ஸ் வாங்கிவிட்டிருந்தான்.

"அக்கா, திருப்பிக் குடுத்துடறேன்" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

"எதுக்கு? துட்டு வாங்கினியா, போய் ஒழுங்கா கத்து. அரைகுறையா செஞ்சன்னா நானே வந்து ஒதைப்பேன்."

"சீல் வெச்சுட்டா இன்னா பண்ணுவ?"

அவள் நோட்டீஸை விரலால் தடவினாள். "எனக்கு இன்னா, திரும்பப் போய் மிஷின்ல உக்காருவேன். இந்தப் பொண்ணுங்க பாட்டில தொறக்க ஆரம்பிச்சுதுங்கடா. இப்பத்தான் ஆரம்பிச்சுதுங்க. மறுபடி மூடிடும்."



ஆர்ப்பாட்டத்துக்கு டாட்டா ஏஸ் வண்டிகளில் பொம்பளைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆளுக்கொரு அட்டை. 'கட்டணக் கழிப்பறையை உடனே மூடு!' முத்துக்குமார் வாங்கிய துட்டுக்கு வஞ்சனையில்லாமல் கத்தினான். சிறப்புப் பேச்சாளர் வேலூரிலிருந்து வந்துகொண்டே இருந்தார். கிளம்பிவிட்டார், தாண்டிவிட்டார், நெருங்கிவிட்டார் என்று அவனே அறிவித்துக்கொண்டிருந்தான். வெயில் தார் ரோட்டைப் பழுக்க வைத்தது. தோழருக்கு இரக்க மனசு. எல்லாருக்கும் தண்ணீர்ப் பாக்கெட் கொடுக்கச் சொன்னார். இலவசமாக. ஒன்று குடித்தவர்களுக்கு இன்னொன்று.

தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர்ப் பொம்பளைகளைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். தோழர் யாரையும் கேட்கவில்லை.

முதலில் எழுந்தவள் சந்திரா. கும்பலிலேயே உரக்கக் கோஷம் போட்டவள். தோழர் காதில் போய் ஏதோ சொன்னாள். தோழர், அது பூட்டிக் கிடப்பதை மறந்து, கம்பீரமாக வளைவைக் காட்டினார். அவள் போய்க் கதவைத் தள்ளினாள். ஆட்டினாள். உதைத்தாள். ஆடுகள் எழுந்து இடம் விட்டன. கதவு விடவில்லை. அதற்குள் இன்னும் பலர் எழுந்துவிட்டார்கள்.

தோழர் மைக் பக்கத்தில் நின்றபடியே போனை எடுத்து, காண்ட்ராக்டருக்கு அடித்தார். கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லை போல, போனை ஸ்பீக்கரில் போட்டார். முத்துக்குமாரின் கை மைக் சுவிட்ச் வரைக்கும் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்தது. அணைக்காமல் திரும்பி வந்துவிட்டது.

"சாவியா?" என்றது குழாய் ஸ்பீக்கர், கூட்டு ரோடு முழுக்க. "சாவி திருப்பத்தூர்ல இருக்குங்க. இன்னா, மறுபடி திறப்பு விழாவா?"

"இல்லைய்யா, போகணும்! லேடீஸ் போகணும்!"

"எங்க போகணும்?"

"கக்கூஸ்யா!"

"ஐயோ, அதுக்கு அங்க போகக்கூடாதுங்க! தொட்டிக்கு லைனே குடுக்கல!"

தோழர் திரும்பிப் பார்த்தார். "டேய், மைக் ஆன்ல இருக்குதா?"

"பாத்தேன் தோழர். சுவிட்ச்சு கொஞ்சம் லூஸு" என்றது ஸ்பீக்கர், முத்துக்குமார் குரலில்.

கூட்டம் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. சந்திரா ரோட்டைக் கடந்தாள். பின்னாலேயே எல்லாரும் கடந்தார்கள். பூவம்மாளின் ஊதாக் கதவுகளுக்கு முன்னால் க்யூ நின்றது. க்யூவில் நின்றவர்கள் கையில் அட்டை. 'உடனே மூடு! உடனே மூடு!' என்று வரிசையாக, ரோடு வரைக்கும்.

பூவம்மாள் வெளியே வந்து பார்த்தாள். இந்த இடத்தில் முத்துக்குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் இடத்தில் அவன் இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கில் பாட்டுப் போட்டிருப்பான். துட்டை டபுளாக்கியிருப்பான். கெஞ்ச விட்டிருப்பான்.

அவள் மோட்டாரைப் போட்டாள். "வயசானவங்க முன்ன வாங்க. புள்ளத்தாச்சி யாராவது இருந்தா நேரா உள்ள போங்க. அட்டைய செவுத்தோரமா சாய்ச்சு வைம்மா, ஈரம் பட்டா எழுத்து போய்டும், அப்புறம் உங்களுக்குத்தான் ஏச்சு விழும்." எப்பவும் வாங்குகிறதை வாங்கினாள். சில்லறை இல்லை என்று கையைப் பிசைந்தவளை, "போம்மா முதல்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிவிட்டாள். கீழே விழுந்து கிடந்த சங்கக் கொடியை எடுத்து, மண்ணைத் தட்டி, மடித்து, தன் நாற்காலி மேல் வைத்தாள்.

கொடியை மடித்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான் முத்துக்குமார். கத்துவதற்கு வாய் திறந்தான். என்ன கத்த வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

தோழருக்குச் சர்க்கரை வியாதி. அவரால் எவ்வளவு நேரம்தான் கொள்கையோடு நிற்க முடியும்? அந்த ஒற்றைக் கதவுக்கு அவரும் வந்தார். திரும்பி வரும்போது ஒரு பெரிய நோட்டை நீட்டி, "மீதிய நீயே வெச்சுக்கம்மா" என்றார்.

பூவம்மாள் மீதியை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நான் இலவசமா எதுவும் வாங்கறதில்ல தோழர்."

அதற்குள் ஜீப் வந்து நின்றது. சுகாதார அதிகாரி செல்வகுமார் இறங்கினார். ஒரு கையில் சீல் வைக்கிற அரக்கு, துணி எல்லாம் இருந்த பை. சுற்றிப் பார்த்தார். போராட்டப் பந்தலில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

"பொதுமக்கள் ஆட்சேபணைன்னு மனு வந்துது. பொதுமக்கள் எங்க?"

"க்யூல நிக்கறாங்க சார்!" என்றது குழாய் ஸ்பீக்கர்.

அதிகாரி க்யூவைப் பார்த்தார். அட்டைகளைப் பார்த்தார். தோழரைப் பார்த்தார். தோழர் தன் செருப்பைப் பார்த்தார். "நீங்க இன்னாம்மா சொல்றீங்க?" என்று அதிகாரி கடைசியில் பூவம்மாளிடம் கேட்டார்.

பூவம்மாள் ரோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "எனக்கு ஒரு சந்தேகம் சார். ரொம்ப நாளா கேக்கணும்னு. அந்தக் கல்லுல 'திறந்து வைத்தார்'னு எழுதியிருக்குது. நான் படிச்சுப் படிச்சுப் பாக்கறேன். ஒருத்தர் திறந்து வெச்சா, அது திறந்துதானே இருக்கணும்? அவரு பாவம் திறந்து வெச்சுட்டுத்தான் போனாரு. அப்புறம் யாரு சார் வந்து மூடினது? அந்த மூடினவர் மேல நடவடிக்கை எடுங்க."

அவள் கிண்டல் செய்யவில்லை. இரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், கல்லில் இருந்ததை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து, அப்படியே நம்பியிருந்தாள். இத்தனை வருஷமாக அந்தப் பெரிய மனிதர்களைத் திட்டாமல், மூடினவன் எவன் என்று தேடிக்கொண்டிருந்தாள். முத்துக்குமார் அந்த வார்த்தையை எத்தனையோ விழாக்களில் கத்தியிருக்கிறான். அதற்கு அர்த்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

"நான் தெனம் திறந்து வெக்கறேன் சார்" என்றாள் அவள். "எனக்குக் கல்லு வேணாம். நீங்க மூடாம இருந்தா போதும்."

 செல்வகுமார் கதவில் இருந்த நோட்டீஸைக் கிழிபடாமல் பிய்த்து, மடித்துப் பைக்குள் போட்டார். "ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடறேன். லைசென்ஸுக்கு ஆபீஸுக்கு வாங்கம்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆம்பளைங்களுக்கு எந்தக் கதவு?" என்றார்.

தோழரைச் சும்மா சொல்லக் கூடாது. தோற்றதும் ஒரு புதுக் கோரிக்கையோடு மைக்கைப் பிடித்தார். "பூவம்மாள் தோழியரை அரசு ஊழியராக்கு! நிரந்தரப் பணி, மாதச் சம்பளம் வழங்கு!" பொம்பளைகள் நிஜமாகவே கை தட்டினார்கள்.

பூவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம் தோழர். மாசம் பொறந்தா சம்பளம்னு ஆச்சுன்னா, நானும் பூட்டிட்டுப் போய்டுவேன்."

கூட்டு ரோடே சிரித்தது. தோழரும் சிரித்துவிட்டார், அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சிறப்புப் பேச்சாளர் கடைசி வரைக்கும் நெருங்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடியும்போது கம்பெனி பஸ்ஸுக்குப் பொண்ணுகள் வந்து நின்றார்கள். சிலர் பாட்டிலைத் திறந்து, பயமில்லாமல் மடமடவென்று குடித்தார்கள். பூவம்மாள் பக்கெட்டோடு வந்து ஊதாக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்ததும், இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆட்டோ முனகியது. குழாய் ஸ்பீக்கர் இருமிக்கொண்டது.

"பெரியோர்களே, தாய்மார்களே! இன்று காலை, நேற்றைப் போலவே, நாளையைப் போலவே, இந்தக் கழிப்பறையை, தொழிலதிபர் பூவம்மாள் அவர்கள், தன்னுடைய சொந்தச் செலவில், தன்னுடைய சொந்தக் கையால், திறந்து... வைக்கிறார்!"

பொண்ணுகள் ஓவென்று கூவினார்கள். பூவம்மாள் கதவைத் திறந்து வைத்தாள். பிறகு திரும்பி, பக்கெட்டில் இருந்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஆட்டோ மேல் வீசினாள்.

"வாய மூடுடா, கம்மனாட்டி!"

அந்த இடத்தில் அவள் மூடச் சொன்னது அது ஒன்றைத்தான்.